ராணுவச் சரக்கு விமானங்கள்: ராமநாதபுரம் கரையோரம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், உச்சிப்புளி, ராமேஸ்வரம் பக்கம் விமானச் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்க்காதவர்கள் குறைவு. பார்த்தபின் எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை டன் தூக்கும்?" என்பதைத்தான். அந்த எண் முக்கியம்தான். ஆனால் இந்த விமானங்களின் உண்மையான பெருமை, அந்தப் பாரத்தை எப்படிப்பட்ட இடத்தில் இறக்கிவைக்கும், எவ்வளவு சீக்கிரம் இறக்கிவைக்கும் என்பதில் இருக்கிறது. பதில்கள் பெரும்பாலும் அதைச் சுற்றியே வரும்.

நம் விமானப்படையிடம் இருக்கும் சரக்கு விமானங்கள் எவை?

பெரியதிலிருந்து தொடங்கினால் முதலில் சி-17 குளோப்மாஸ்டர். நான்கு ஜெட் எஞ்சின், 53 மீட்டர் நீளம், ஏறக்குறைய 52 மீட்டர் இறக்கை அகலம், அதிகபட்சம் 77.5 டன் சரக்கு. 2013 முதல் படையில் இருக்கிறது. மொத்தம் 11 விமானங்கள், தளம் டெல்லிக்கு அருகே ஹிண்டன். அடுத்தது ரஷ்ய ஐ.எல்.-76. 1985 முதல் 'கஜராஜ்' என்ற பெயரில் உழைக்கும் இது 40 டன்னுக்கு மேல் தூக்கும்.

அதற்குக் கீழே சி-130ஜே சூப்பர் ஹெர்குலிஸ். நான்கு புரொப்பல்லர், சுமார் 20 டன். 2013 ஆகஸ்ட் 20 அன்று லடாக்கில் 16,614 அடி உயரத்தில் உள்ள தௌலத் பெக் ஓல்டி ஓடுதளத்தில் இறங்கியது இந்த ரகம்தான். 1984 முதல் பறக்கும் ஏ.என்.-32 இரண்டு எஞ்சினோடு 6.7 டன் வரை கொண்டுபோகும். புதிதாக வந்திருப்பது சி-295. இது 9 டன் அளவுக்குத் தூக்கும். ஒப்பந்தமான 56 விமானங்களில் 16 ஸ்பெயினில் தயாரானவை, 40 குஜராத்தின் வதோதராவில் தயாராகின்றன.

77.5 டன் என்றால் எப்போதும் 77.5 டன் ஏற்றலாமா?

இல்லை. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரியும். சி-17 காலியாக நிற்கும்போதே எடை சுமார் 128 டன். எழும்பும்போது மொத்த எடை 265 டன்னைத் தாண்டக்கூடாது. முழுச் சரக்கையும் ஏற்றிவிட்டால் 128 + 77.5 = 205.5 டன் ஆகிவிடும். எரிபொருளுக்கு மிஞ்சுவது 59.5 டன். ஆனால் அதன் டாங்குகள் நூறு டன்னுக்கு மேல் எரிபொருள் பிடிக்கும். ஆக, முழுச் சரக்கும் முழு எரிபொருளும் சேர்ந்து பறக்கவே முடியாது. முழுப் பாரத்தோடு சுமார் 4,400 கி.மீ. போகும். பாரத்தைக் குறைத்தால் தூரம் கூடும்.

ஹிண்டனிலிருந்து நம் கரைக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 2,150 கி.மீ. சி-17க்கு மூன்று மணி நேரத்துக்குள் முடிகிற பயணம். முழுச் சுமையோடு வந்து இறக்கிவிட்டு, இங்கே எரிபொருள் நிரப்பாமலேயே திரும்பிவிடலாம். இது சின்ன விஷயமல்ல. புயலுக்குப் பின் ஒரு ஊரில் மின்சாரமே இல்லாதபோது, வந்த விமானம் அந்த ஊரிடம் எரிபொருள் கேட்காமல் இருப்பது பெரிய உபகாரம்.

இன்னொன்றையும் பாருங்கள். எடைக்கு முன்பே இடம் தீர்ந்துவிடும் சரக்குகள் உண்டு. அரிசி மூட்டை ஏற்றினால் சரக்கறை பாதிகூட நிறையாது, அதற்குள் எடை முடிந்துவிடும். பாய், போர்வை, ரொட்டிப் பெட்டி ஏற்றினால் கூரை இடிக்கும், ஆனால் எடை பாதிகூட வராது. அனுபவமுள்ளவர்கள் இரண்டையும் கலந்துதான் ஏற்றுவார்கள்.

இறக்கை ஏன் முதுகின் மேல் இருக்கிறது? வயிறு ஏன் தரையை ஒட்டி இருக்கிறது?

எல்லாம் சரக்கறையின் தரைக்காகத்தான். இறக்கையை மேலே வைத்தால் உடம்பைத் தாழ்வாக இறக்கலாம். அப்போது சரக்கறைத் தரை லாரித் தட்டின் உயரத்துக்கு வந்துவிடும். பின்கதவைச் சாய்தளமாக இறக்கினால் ஜீப்பும் டாங்கியும் தாங்களாகவே ஏறிவிடும். கிரேன் வேண்டாம். பெரிய பயணிகள் விமானத்தை மாற்றிச் செய்த சரக்கு விமானத்தில் தரை ஐந்து மீட்டர் அளவு உயரத்தில் இருக்கும். தூக்கும் இயந்திரம் இல்லாத ஊரில் அது இறங்கினால் சரக்கு உள்ளேயே கிடக்கும்.

எஞ்சினும் இறக்கையோடு சேர்ந்து மேலே போய்விடுவதால், மண்தரையில் இறங்கும்போது கல்லும் மணலும் உள்ளே இழுக்கப்படுவது குறையும். ஏ.என்.-32இல் எஞ்சின் இறக்கைக்கும் மேலே உட்கார்ந்திருக்கும். அதன் புரொப்பல்லர் 4.7 மீட்டர் விட்டம் கொண்டது, கீழே வைத்தால் தரை தட்டிவிடும். சி-17, ஐ.எல்.-76 இரண்டிலும் கிடைமட்ட வால் இறக்கை உச்சியில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பின்கதவு வழியாக வண்டி ஏறவும், பறக்கும்போது சரக்கு வெளியே விழவும் அது வழிவிட்டு நிற்கிறது.

இந்த வடிவத்தின் அருமை நம் நாட்டில் 1962லேயே தெரிந்துவிட்டது. அந்த ஆண்டுப் போரில் ஏ.எம்.எக்ஸ்.-13 ரக டாங்கிகளை ஏ.என்.-12 விமானங்கள் லடாக்கின் சுஷுலில் கொண்டுபோய் இறக்கின. அப்போது அந்த உயரத்துக்கு டாங்கியைச் சாலை வழியாகக் கொண்டுசேர்ப்பதை நினைத்துப் பார்க்கவே முடியாது.

உச்சிப்புளி கடற்படை விமானதளத்தில் சி-17 இறங்க முடியுமா?

மிக அதிகமாக வரும் கேள்வி இது. உச்சிப்புளித் தளத்தின் பெயர் ஐ.என்.எஸ். பருந்து. 2009இல் அந்தப் பெயரோடு முழு விமானதளமாகக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் கண்காணிக்கும் ஹெலிகாப்டர்கள், சிறிய விமானங்கள், ஆளில்லா விமானங்களை மனத்தில் வைத்து அமைத்த தளம் அது. ராட்சத விமானங்களுக்காக அல்ல.

"சி-17க்கு 1,070 மீட்டர் போதும் என்கிறார்களே" என்று பலர் கேட்பதுண்டு. சரிதான். 3,500 அடி நீளமும் 90 அடி அகலமும் உள்ள ஓடுதளத்தில் இறங்கும்படி வடிவமைக்கப்பட்ட விமானம் அது. ஆனால் நீளம் ஒரு நிபந்தனை மட்டுமே. வேறு நான்கு இருக்கின்றன.

முதலாவது தரையின் பலம். 265 டன் எடை 14 சக்கரங்களில் இறங்குகிறது, அதில் பெரும்பங்கு 12 பின்சக்கரங்களில். ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய 20 டன். சிறு விமானத்துக்காகப் போட்ட தளத்தில் இந்த எடை ஓடினால், முதல் நாள் ஒன்றும் தெரியாது. பத்துத் தடவை இறங்கினால் சக்கரத்தடம் பள்ளமாகும், விளிம்புகள் நொறுங்கும், நொறுங்கிய ஜல்லி அடுத்த விமானத்தின் எஞ்சினுக்குள் போகும். நம் பக்கம் அடிநிலம் மணல். மணலை நன்றாக இறுக்கி, விளிம்பில் சரியாமல் பிடித்துவைத்தால் நல்ல அடித்தளம்தான். இறுக்காமல் விட்டாலோ, மழைநீர் அடியில் அரித்துப் போனாலோ கான்கிரீட் பலகை தொங்கலில் நின்று விரிசல் விடும்.

இந்த விஷயத்தில் ஐ.எல்.-76 தனித்துத் தெரியும். 190 டன் எடையை 20 சக்கரங்களில் பரப்புகிறது. டயரின் காற்றழுத்தத்தைப் பறக்கும்போதே விமானிகள் கூட்டிக் குறைக்கலாம். மென்மையான தளம் என்றால் அழுத்தத்தைக் குறைத்து, டயர் அகலமாகப் படியும்படி இறங்குவார்கள்.

இரண்டாவது, மீண்டும் எழும்புவது. முழு எடையோடு சி-17 எழும்ப சுமார் 2.5 கி.மீ. ஓடுதளம் வேண்டும். சரக்கை இறக்கிவிட்டு, திரும்பும் அளவு எரிபொருளோடு மட்டும் கிளம்பினால் இது வெகுவாகக் குறையும். மூன்றாவது, நிறுத்துமிடம். 52 மீட்டர் இறக்கையோடு ஓடுதளத்திலேயே நின்றுவிட்டால் அடுத்த விமானம் வரமுடியாது. நான்காவது, தீயணைப்பு வண்டிகள். இவ்வளவு பெரிய உடம்புக்குத் தேவையான நுரையும் தண்ணீரும் கையிருப்பில் இருக்க வேண்டும்.

நடைமுறையில், தென்மாவட்டங்களுக்குப் பெரும்பாரம் வரவேண்டுமானால் மதுரையையும் அரக்கோணத்தையும்தான் பார்க்க வேண்டும். மதுரை ஓடுதளம் 2,285 மீட்டர். அரக்கோணத்தில் உள்ள கடற்படைத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளியின் ஓடுதளம் 4 கி.மீ.க்கு மேல் நீளமுள்ளது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டபோது அந்த நீளம்தான் கைகொடுத்தது.

அவ்வளவு பெரிய விமானம் எப்படி ஒரு கிலோமீட்டரில் நிற்கிறது?

சி-17இன் இறக்கைக்குப் பின்னுள்ள மடல்களை, அதாவது ஃபிளாப்புகளை, எஞ்சின் புகையின் நேர்வழியிலேயே கீழே இறக்குவார்கள். வேகமாக வரும் வெப்பக்காற்று மடலில் பட்டுக் கீழ்நோக்கித் திரும்பும். அதனால் இறக்கைக்கு இயல்பாகக் கிடைப்பதைவிட அதிகத் தூக்குவிசை கிடைக்கிறது. விமானம் மெதுவாக, செங்குத்தான சரிவில் இறங்கலாம். புகையின் சூட்டைத் தாங்க அந்த மடல்களின் சில பகுதிகளை டைட்டேனியத்தில் செய்திருக்கிறார்கள்.

பயணிகள் விமானம் போல மூக்கைத் தூக்கி மிதந்து இறங்குவதும் இல்லை. குறித்த இடத்தில் அழுத்தமாக அமர்ந்துவிடும். அமர்ந்தவுடன் நான்கு எஞ்சின்களும் எதிர்விசை தரும். அந்தக் காற்றை மேலும் முன்னும் தள்ளும்படி அமைத்திருப்பதால் தரையின் தூசி கிளம்பி எஞ்சினுக்குள் போகாது. அதே விசையால் 50க்கு 1 சரிவில் பின்னோக்கி ஏறவும் முடியும். 27 மீட்டர் அகல ஓடுதளத்தில், குறுகிய தெருவில் லாரியைத் திருப்புகிற மாதிரி முன்பின் போய்த் திரும்பிவிடும். பின்னால் இழுக்க வண்டி தேவையில்லை. இதுவே இந்த விமானத்தின் தலைசிறந்த குணம் என்பது எங்கள் கருத்து. தூக்குவதில் இதைவிடப் பெரியவை இருக்கின்றன, இப்படி இறங்கித் திரும்புவதில் இதற்கு இணையில்லை.

ஒரு விசைப்படகை உள்ளே ஏற்றலாமா? வள்ளமாவது?

ஃபைபர் வள்ளம் சுலபம். 30 அடி நீளம், 7 அடி அகலம் என்றால் சி-130ஜே நீள ரகத்திலேயே போகும். அதன் சரக்கறை 55 அடி நீளம், 10 அடி அகலம், 9 அடி உயரம். வெளிப்பொருத்து எஞ்சினைக் கழற்றி, பெட்ரோலை முழுக்க வடித்து, தனியே கட்ட வேண்டும். பெட்ரோல் ஆவி சரக்கறையில் சேர்வதைவிட ஆபத்தானது குறைவு. படகின் அடியில் மரத்தொட்டில் அமைக்காமல் சங்கிலியால் இறுக்கினால் ஃபைபர் விரிந்துவிடும்.

விசைப்படகு வேறு கதை. சி-17 சரக்கறை, சாய்தளத்தையும் சேர்த்து, 88 அடி நீளம், 18 அடி அகலம். நீளத்துக்குப் பஞ்சமில்லை. இறக்கைக்கு அடியில் உயரம் 12 அடி 4 அங்குலம்தான். கீல் எனப்படும் அடிமரம் முதல், படகோட்டும் அறையான வீல்ஹவுஸின் உச்சி வரை அளந்தால் 50 அடி இழுவைமடிப் படகு அதைத் தாண்டிவிடும். வீல்ஹவுஸையும் விளக்குக் கம்பத்தையும் கழற்ற வேண்டியிருக்கும். அடுத்த தடை கீல். முழு எடையும் ஒரு குறுகிய கோட்டில் இறங்கினால் தரைத்தகடு தாங்காது. இரும்பு உத்தரங்களால் எடையைப் பரப்பியாக வேண்டும். முடியாது என்றில்லை, ஆனால் கடல்வழியே ஓட்டிப்போவதுதான் அறிவு.

சரக்கை எப்படிக் கட்டுகிறார்கள்? கழன்றால் என்ன ஆகும்?

கட்டுவதற்குப் பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு அளவு உண்டு. முன்னோக்கி எடையின் 3 மடங்கு, பின்னோக்கியும் பக்கவாட்டிலும் ஒன்றரை மடங்கு, மேல்நோக்கி 2 மடங்கு விசையைக் கட்டு தாங்க வேண்டும்.

8 டன் லாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்னோக்கி 24 டன் தாங்க வேண்டும். சாதாரணச் சங்கிலியின் திறன் 10,000 பவுண்டு, சுமார் 4.5 டன். ஆனால் சங்கிலி சாய்வாகத்தான் போகும். தரையோடு 30 டிகிரி, பக்கவாட்டில் 30 டிகிரி என்று கட்டினால் முன்னோக்கிய பலன் முக்கால் பங்குதான், அதாவது 3.4 டன். 24ஐ 3.4ஆல் வகுத்தால் ஏழுக்குச் சற்று மேல். ஆகவே எட்டுச் சங்கிலி, இருபுறமும் நான்கு நான்காக. பின்னோக்கி 12 டன்னுக்கு நான்கு. மொத்தம் 12. அவையே பக்கவாட்டுக்கும் மேல்நோக்கிய விசைக்கும் போதுமா என்று தனியே சரிபார்ப்பார்கள். சங்கிலியை வண்டியின் அச்சிலோ அதற்கென்று உள்ள கொக்கியிலோதான் மாட்ட வேண்டும். பம்பரில் மாட்டினால் பம்பர் மட்டும் கட்டப்பட்டிருக்கும், வண்டி கட்டப்பட்டிருக்காது. சங்கிலியோடு நைலான் பட்டையைக் கலந்து ஒரே திசைக்குக் கட்டுவதும் தவறு. பட்டை நீண்டுகொடுக்கும், பாரம் முழுவதும் சங்கிலிமேல் விழும்.

எங்கே வைப்பது என்பது அதைவிட நுட்பமானது. வள்ளத்தின் பின்பக்கம் வலையைக் குவித்தால் அணியம், அதாவது முன்பக்கம், தூக்குமே, அதேதான் இங்கும். கடலில் ஆளை முன்னே நகர்த்திச் சரிசெய்யலாம், வானத்தில் அதற்கு நேரமில்லை. அதனால் ஒவ்வொரு பொட்டலத்தின் எடையையும், அது இருக்கும் இடத்தின் தூரத்தையும் பெருக்கிக் கூட்டி, ஈர்ப்பு மையம் அனுமதித்த எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கதவு மூடுவார்கள். இந்தப் பொறுப்பு லோட்மாஸ்டருடையது. சி-17இல் இரண்டு விமானிகளோடு இருக்கும் மூன்றாவது ஆள் அவர்தான்.

கழன்றால் என்ன ஆகும் என்பதற்கு 2013 ஏப்ரல் 29 சாட்சி. ஆப்கானிஸ்தானின் பாக்ராம் தளத்திலிருந்து கனரகக் கவச வண்டிகளோடு கிளம்பிய ஒரு 747 சரக்கு விமானம், எழும்பிய சில நொடிகளில் விழுந்தது. கட்டுப் போதாமல் பின்னோக்கிச் சரிந்த வண்டி, பின்சுவரை உடைத்து, ஹைட்ராலிக் குழாய்களையும் வால் இறக்கையை இயக்கும் பகுதியையும் சிதைத்துவிட்டது. ஏழு பேரும் இறந்தார்கள்.

நிவாரணப் பொருள் சேர்க்கும் சங்கங்கள் எப்படிக் கட்டிக் கொடுத்தால் உதவியாக இருக்கும்?

இதைக் கேட்பவர்களை மனதார வாழ்த்துகிறோம். மூட்டை சரியில்லாததால் ஓடுதளத்தில் வீணாகும் நேரம் அதிகம்.

ராணுவச் சரக்குத் தட்டு 2.74 க்கு 2.24 மீட்டர் அளவுள்ள அலுமினியப் பலகை. மேலே வலை போட்டு இறுக்குவார்கள். ஒரு தட்டில் சுமார் 4.5 டன்னுக்கு மேல் கூடாது, உயரம் 2.44 மீட்டரைத் தாண்டக்கூடாது. 25 கிலோ அரிசிச் சிப்பம் என்றால் 180க்குள். மார்பளவு உயரத்திலேயே எடை முடிந்துவிடும். தட்டை வெறும் தரையில் வைக்கவே கூடாது. அடியில் மூன்று கட்டைகள் போட வேண்டும். தரையில் வைத்தால் கல் குத்தித் தட்டு வளையும், வளைந்த தட்டு விமானத்தின் உருளைகளில் சிக்கி நிற்கும்.

ஒவ்வொரு பெட்டியிலும் எடையும் உள்ளடக்கமும் எழுதுங்கள். "பலவகை" என்று எழுதினால் பிரித்துப் பார்ப்பார்கள். கனமானது கீழே, லேசானது மேலே. 20 லிட்டர் தண்ணீர்க் கேனின் மூடியை டேப் சுற்றி ஒட்டுங்கள். உள்ளே காற்றழுத்தம் குறையும்போது தளர்ந்த மூடி கசியும். கேஸ் சிலிண்டர், மண்ணெண்ணெய், தீப்பெட்டி, பெரிய பேட்டரி, பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றை மற்றவற்றோடு கலக்காமல் தனியே வைத்து, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிளீச்சிங் பவுடர் எரிபொருளோடு சேர்ந்தால் தானாகவே தீப்பற்றக்கூடியது. சுகாதாரப் பொருள்தானே என்று சோப்புப் பெட்டியோடு வைத்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

இறங்கும் ஊரில் தூக்கும் வண்டியே இல்லை என்றால்?

ஐ.எல்.-76இன் சரக்கறைக் கூரையிலேயே பளுதூக்கிகள் ஓடும். சி-17, சி-130 இரண்டிலும் வேறு வித்தை. தட்டுகளின் பூட்டை எடுத்துவிட்டு, சாய்தளத்தைப் படுக்கையாக வைத்து, விமானத்தைச் சட்டென்று முன்னே நகர்த்துவார்கள். தட்டுகள் பின்வழியே தரையில் வழுக்கி இறங்கிவிடும். உடையக்கூடிய சரக்கு என்றால் 200 லிட்டர் டிரம்களைத் தட்டுக்கு அடியில் வரிசையாக நிறுத்தி, மெதுவாக முன்னே நகர்வார்கள். தட்டு டிரம்களின் மேல் அமர்ந்துவிடும். காலி டிரம் கிடைக்காத ஊர் ஏது?

பாம்பன் துண்டிக்கப்பட்டால் ராமேஸ்வரம் தீவுக்கு வானிலிருந்து சரக்குப் போட முடியுமா?

வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது, பாம்பன் ரயில் பாலமும் உடைந்தது. சீரமைக்க 46 நாள் ஆயிற்று. சாலைப் பாலம் வந்தது 1988இல்தான். புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

முடியும். ஆனால் தீவின் வடிவம் கணக்கைக் கடினமாக்குகிறது. 200 மீட்டர் உயரத்தில் போட்ட பாராசூட் மூட்டை விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் இறங்கினால், தரையைத் தொட 25 விநாடி. காற்று மணிக்கு 36 கி.மீ. என்றால் விநாடிக்கு 10 மீட்டர். மூட்டை 250 மீட்டர் தள்ளிப்போய் விழும். தங்கச்சிமடம் பக்கம் இது பரவாயில்லை. தனுஷ்கோடி நிலமுனையில் 250 மீட்டர் என்பது மணலுக்கும் கடலுக்கும் உள்ள வித்தியாசம்.

அதோடு நிலமுனை வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீள்கிறது. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும், கச்சான் தென்மேற்கிலிருந்து வரும். இரண்டும் முனையைக் குறுக்கே வெட்டுபவை. மூட்டைகள் வரிசையாக மணலில் விழவேண்டுமானால் விமானம் முனையின் நீளவாக்கில் பறந்தாக வேண்டும். அப்படிப் பறந்தால் காற்று எப்போதும் பக்கவாட்டில்தான் அடிக்கும். ஆகவே வாடைக்காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் கடல்மேலேயே விலகிப் பறந்து, மூட்டைகளைத் தண்ணீருக்கு மேல் விட்டு, காற்று அவற்றை மணலுக்குக் கொண்டுவரும்படி கணக்கிட வேண்டும். கச்சான் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம். தரையில் ஒருவர் நின்று புகைக்குப்பி கொளுத்திக் காற்றின் திசையைக் காட்டினால் துல்லியம் பலமடங்கு கூடும்.

வேகமும் கணக்கில் வரும். சி-130 மணிக்கு 240 கி.மீ. வேகத்தில் போட்டால் விநாடிக்கு 67 மீட்டர். மூட்டைகள் வெளியேற 6 விநாடி ஆனால் முதல் மூட்டைக்கும் கடைசி மூட்டைக்கும் 400 மீட்டர் இடைவெளி. கோயில் நகரத்தின் நெருக்கத்தில் இதைச் செய்யவே கூடாது. ஆட்கள் ஓடிவருவார்கள், மூட்டை தலையில் விழும்.

பாராசூட் இல்லாமல் அரிசி போடுவதும் உண்டு. ஒரு சாக்குக்குள் இன்னொன்று என்று இரண்டு மூன்று அடுக்குப் போட்டு, உள்சாக்கை முழுக்க நிரப்பாமல் தொளதொளவென்று கட்ட வேண்டும். நிரம்பிய சாக்கு விழுந்தவுடன் வெடித்துவிடும். கனரகச் சரக்குக்கு ஆக்ராவில் உள்ள டி.ஆர்.டி.ஓ. (பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வகம் உருவாக்கிய பி-7 அமைப்பு இருக்கிறது. 7 டன் வரை உள்ள பாரத்தை ஐ.எல்.-76இலிருந்து போட ஐந்து முதன்மைப் பாராசூட்டுகள், ஐந்து வேகத்தடைப் பாராசூட்டுகள், இரண்டு துணைப் பாராசூட்டுகள், தட்டை வெளியே இழுக்க ஒன்று.

இவ்வளவும் சொன்ன பிறகும், தீவுக்குச் சிறந்த வழி வேறு என்பதுதான் எங்கள் எண்ணம். பெரிய விமானம் மதுரையில் இறக்கட்டும். அங்கிருந்து லாரியில் மண்டபம், மண்டபத்திலிருந்து ஹெலிகாப்டரும் படகும். பாக் நீரிணையில் படகு ஓட்டத் தெரிந்த ஆயிரக்கணக்கானவர்கள் கரையிலேயே இருக்கிறார்கள். கடல் சற்று அடங்கியதும் ஒரு நடைக்குப் பல டன் கொண்டுபோவார்கள்.

1987இல் யாழ்ப்பாணத்தில் உணவு போட்டது எந்த விமானம்?

ஏ.என்.-32. அந்த ஆண்டு ஜூன் 3 அன்று ராமேஸ்வரத்திலிருந்து நிவாரணப் பொருட்களோடு சென்ற படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் ஐந்து ஏ.என்.-32 விமானங்கள், மிராஜ்-2000 போர் விமானங்களின் துணையோடு பெங்களூரிலிருந்து கிளம்பி, யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் பொருட்களைப் பாராசூட்டில் இறக்கின. அந்த நடவடிக்கையின் பெயர் 'பூமாலை'. ஒரு விமானத்துக்கு ஏறக்குறைய 5 டன் என்று கணக்கு வருவதைப் பாருங்கள். 6.7 டன் தூக்கும் விமானத்தில் பாராசூட்டும் தட்டும் எடையில் பங்கு கேட்கும்.

நம் மீனை இதில் அனுப்பினால் என்ன?

ராணுவ விமானம் வணிகத்துக்கு வராது. ஆனாலும் மீன் ஏன் விமானத்துக்குப் பிடிக்காத சரக்கு என்று தெரிந்துகொள்வது நல்லது. ஐஸ் உருகி, உப்பு நீராகத் தரையிடுக்கில் இறங்கினால் அலுமினியச் சட்டங்கள் அரிக்கும். வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே அரிக்கும். அதனால் கசியாத தெர்மாகோல் பெட்டி, உள்ளே பிளாஸ்டிக் உறை, அடியில் ஈரம் உறிஞ்சும் விரிப்பு மூன்றும் கட்டாயம்.

உப்புக்காற்றும் பறவைகளும் என்ன செய்யும்?

கடல்மேல் தாழப் பறந்த விமானத்தை நன்னீரால் கழுவ வேண்டும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் இதழ்களில் படியும் உப்பையும் தண்ணீர் பாய்ச்சி எடுப்பார்கள். விட்டுவிட்டால் இதழின் வடிவம் கெட்டு விசை குறையும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். நம் கரையில் விமானத்தை வெட்டவெளியில் நிறுத்தினால் ஒரே இரவில் கண்ணாடியில் உப்புப் படலம் தெரியும்.

பறவை பெரிய கவலை. குளிர்காலத்தில் தனுஷ்கோடி நீர்ப்பரப்புகளில் பூநாரைகளும் கடற்காகங்களும் ஆலாக்களும் கூட்டமாக இறங்குகின்றன. நான்கு எஞ்சினில் ஒன்று நின்றாலும் இந்த விமானங்கள் பறக்கும். கூட்டத்துக்குள்ளேயே புகுந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட எஞ்சின் பழுதாகலாம். விடியலிலும் அந்தியிலும் பறவை நடமாட்டம் அதிகம் என்பதால் அந்த நேரங்களில் தாழப் பறப்பதைத் தவிர்ப்பது நல்லது.

தலைக்கு மேல் போவது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் இறக்கை எங்கே என்று பாருங்கள். உடம்புக்குக் கீழே இறக்கை, இரண்டு ஜெட் எஞ்சின் என்றால் பெரும்பாலும் பயணிகள் விமானம். சாம்பல் நிறத்தில் இருந்தால் அரக்கோணத்துப் பி-8ஐ ரோந்து விமானமாக இருக்கலாம், அது சரக்கு விமானம் அல்ல. முதுகில் இறக்கை, நான்கு புரொப்பல்லர் என்றால் சி-130. இரண்டு புரொப்பல்லர், எஞ்சின் இறக்கைக்கு மேலே துருத்தி நின்றால் ஏ.என்.-32. இரண்டு புரொப்பல்லரோடு இறக்கை நுனி மேல்நோக்கி மடிந்திருந்தால் சி-295.

நான்கு ஜெட் என்றால் சி-17 அல்லது ஐ.எல்.-76. மூக்கைப் பாருங்கள். ஐ.எல்.-76க்கு மூக்கின் அடியில் வழிகாட்டி அமரும் கண்ணாடி அறை உண்டு, வாலில் துப்பாக்கி மேடையும் உண்டு. சி-17இன் இறக்கை நுனிகள் மேலே நிமிர்ந்திருக்கும், உடம்பு தடியாக இருக்கும்.

உலகிலேயே பெரியது எது?

ஏ.என்.-225 மிரியா. 640 டன் எடையோடு எழும்பக்கூடிய அதில் ஒன்றே ஒன்றுதான் பறந்தது. 2016 மே மாதம் ஹைதராபாத்திலும் இறங்கியது. 2022இல் உக்ரைன் போரில் ஹோஸ்டோமெல் தளத்தில் அழிந்தது. இப்போது பறப்பவற்றில் ஏ.என்.-124உம் அமெரிக்காவின் சி-5உம் முன்னணி, இரண்டும் 120 டன்னுக்கு மேல் தூக்கக்கூடியவை. இரண்டுக்குமே மூக்கு மேலே திறக்கும். முன்பக்கம் ஏறிய வண்டி பின்பக்கம் இறங்கிப் போய்விடலாம், திருப்பவே வேண்டாம்.

உச்சிப்புளி வேலிக்கு வெளியே நின்று படம் எடுக்கலாமா? வேறு எங்கே நேரில் பார்க்கலாம்?

எடுக்காதீர்கள். படைத்தளங்களைப் படமெடுப்பது தடைசெய்யப்பட்டது. டிரோன் பறக்கவிட்டால் வழக்கு வரும். சி-17ஐ அருகில் பார்க்க நல்ல இடம் பெங்களூரு எலகங்காவில் இரண்டாண்டுக்கு ஒருமுறை பிப்ரவரியில் நடக்கும் ஏரோ இந்தியா கண்காட்சி. பொதுமக்களுக்கான நாட்களுக்கு இணையத்திலேயே டிக்கெட் வாங்க வேண்டும். காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். வெயிலுக்குத் தொப்பியும் தண்ணீரும் அவசியம். தரையில் நிற்கும் விமானத்தின் பின்கதவு திறந்திருந்தால் பக்கவாட்டில் நின்று சக்கரத் தொகுதியையும், உள்ளே தரையில் பதித்த உருளைகளையும் சங்கிலி வளையங்களையும் பாருங்கள். கேட்டால் அங்கிருக்கும் லோட்மாஸ்டர்கள் விளக்கிச் சொல்வார்கள்.